அணில் மேல் போட்ட பழி

அணில் கடிக்கவில்லை. நான்தான் வெட்டினேன், ரோஜாச் செடிக்கு வைத்திருக்கும் கத்தரிக்கோலால், பூத்தண்டின் அடியோடு. மறுநாள் காலை அதைப் பார்க்க வந்த மாணவியிடம், "ராத்திரி இருந்துச்சும்மா, விடியக்காலம் அணில் கடிச்சுப் போட்டிருச்சு" என்றேன். மதுரை தல்லாகுளத்து மொட்டைமாடிகளில் அணில் செய்யாத அநியாயம் கிடையாது என்பதால் அவளும் நம்பினாள். நம்பியது போல இருந்தாளோ என்னவோ, அதை அப்போது யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. எப்படியாவது அவள் படியிறங்கிப் போனால் போதும் என்றிருந்தது.

வேலையில் இருந்த காலம் முழுக்கத் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ரசீது இல்லாத செலவுக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. தேதி திருத்திய பில்லை மூக்கால் முகர்ந்தே கண்டுபிடிப்பேன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்றதும் செடிகள் பக்கம் போனபோது, அந்தப் பழக்கத்தை மட்டும் பென்ஷன் பேப்பரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. நாகமலை, அரிட்டாபட்டி, அழகர்மலை அடிவாரம் என்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடக்கிற ஒரு சின்னக் கூட்டம் எங்களுடையது. அதில் பெயர் சொல்லும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். யாராவது ஒரு செடியைக் காட்டி இது என்ன சார் என்பார்கள். எனக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகாது. தெரிந்தால் தெரிந்த பெயர். தெரியாவிட்டால் அதற்குப் பக்கத்துப் பெயர், கொஞ்சம் லத்தீன் சேர்த்து. லத்தீன் சேர்ந்தால் மறுகேள்வி வராது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். "தெரியாது" என்ற சொல் என் வாயில் வராது. நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் இதுதான். செடி செத்தது, பூ போனது எல்லாம் இதன் வால்.

ஆர்க்கிட் என்றதும் ஊட்டி மலர்க்கண்காட்சியும் மரக்கிளையில் தொங்கும் செடிகளும்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். மண்ணில் முளைக்கிற ஆர்க்கிட்டுகள் மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளிலேயே இருக்கின்றன என்றால் நம்ப மாட்டார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் அவை பூமிக்கு அடியில் கிழங்காகக் கிடக்கும். மழை விழுந்தபின் இலை விடும், பூக்கும், காய்க்கும், மறுபடி இருந்த இடம் தெரியாமல் போகும். நான் பார்த்த செடிக்குக் கொஞ்சம் தடித்த, வட்டமான இலைகள் இரண்டு. இரண்டும் எதிரெதிராகத் தரையில் அப்பிக் கிடந்தன. யாரோ மிதித்து நசுக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 2023 ஐப்பசி மழைக்குப் பிந்தைய நாள் அது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டதற்கு, "மழைக்கு வரும், வெயிலுக்குப் போயிரும். அதுக்கு என்ன பேரு?" என்றார். எவ்வளவு நேர்மையான பதில் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பாவம், படிக்காதவர் என்று நினைத்தேன்.

எந்தக் கரடு என்று எழுதப் போவதில்லை. மறைப்பதே இவன் பிழைப்பு என்று நினைக்க வேண்டாம். காட்டு ஆர்க்கிட் இருக்கும் இடத்தை அச்சில் போடக் கூடாது என்பது இந்தத் துறையில் ஊறிய பழக்கம், போட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும். நான் மறைத்தவற்றில் நியாயமானது இது ஒன்றுதான்.

குச்சியால் சுற்றி நோண்டி, மண்கட்டியோடு எடுத்து, தோள்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். காப்புக்காட்டு எல்லைக்கு வெளியேதான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லைக்கல் எங்கே நட்டிருந்தது என்று தேடவில்லை. காப்புக்காட்டில் இருந்து செடி எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் தேடவில்லை. கூட்டத்தில் சொன்ன கதை வேறு. குவாரிக்குப் பாதை போட மண்ணை வழித்துக்கொண்டிருந்தார்கள், கடைசி நிமிஷத்தில் காப்பாற்றினேன் என்றேன். மேலூர்ப் பக்கம் குன்றுகள் கிரானைட் கல்லாக லாரியில் போன கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஊரார் பட்ட துயரத்தை என் திருட்டுக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டேன். அங்கே குவாரியும் இல்லை, பாதையும் இல்லை. ஆடும் அந்தப் பெரியவரும்தான் இருந்தார்கள்.

தெரியாமல் எடுத்திருந்தால்கூட ஒரு மாதிரி. எடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை மேடையில் விளக்குகிறவனே நான்தான். ஆர்க்கிட் விதை தூசு போல இருக்கும், முளைக்கும் கருவுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்காத விதை அது. டார்வின் 1862இல் வெளியிட்ட ஆர்க்கிட் புத்தகத்தில், இங்கிலாந்தில் மண்ணில் வளரும் ஒரு ஆர்க்கிட்டின் ஒரே காயில் ஏறத்தாழ 6,200 விதைகள் என்று கணக்கிட்டு, முப்பது காய் பிடித்த செடிக்கு 1,86,300 என்று பெருக்கிக் காட்டினார். அப்படியானால் பூமி முழுக்க ஆர்க்கிட்டாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? விடையின் முக்கியமான பகுதி 1899இல் பிரான்ஸில் நோயெல் பெர்னார் என்ற இளைஞர் கண்ணில் பட்டது. மண்ணில் புதைந்து கிடந்த காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு முளைக்குள்ளும் பூஞ்சை இழைகள் புகுந்திருந்தன. விதைக்கு முதல் கவளத்தை ஊட்டுவது அந்தப் பூஞ்சை. பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டிய பிறகுதான் ஆய்வகக் குப்பிகளில் ஆர்க்கிட் நாற்று வளர்க்கும் தொழிலே பரவியது. ஆனால் கரட்டு மண்ணில் வளர்ந்த செடிக்கு அந்த மண்ணின் பூஞ்சைதான் உறவு. பறித்து வந்து தேங்காய் நார்க்கழிவில் வைத்தால் அந்த உறவு அறுந்துபோகும்.

இவ்வளவையும் ஒரு கல்லூரி அரங்கில், ஒலிபெருக்கியில், தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசியவன்தான் குச்சியை எடுத்தேன்.

வீட்டில் முதல் பரிசோதனை செய்தது மனைவி. "கச்சோலத்த எதுக்குங்க காட்டுல இருந்து தூக்கிட்டு வர்றீங்க? நாட்டு மருந்துக் கடையில கேட்டாக் குடுப்பாகள்ல" என்றாள். கச்சோலத்தின் இலையும் அச்சாக அப்படித்தான் வட்டமாகத் தரையோடு படிந்து கிடக்கும். ஓரத்தில் துளி கிள்ளி, கசக்கி முகர்ந்தாள். வாசனை இல்லை. "அப்ப இது வேற" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். கச்சோலம் கசக்கினால் மணக்கும். எந்தத் தாவரவியலாளரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை அது. அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தியிருக்கலாம்.

அன்றிரவே பெயர் வைத்தேன். தரையோடு படிந்த இலை, மழைக்காலம், கரடு என்ற மூன்றையும் சேர்த்தால் ஹாபனேரியா என்ற பேரினம் வரை ஓரளவு தைரியமாகப் போகலாம். அதற்கு அப்புறம் இலை பேசாது. நம் வறண்ட காடுகளில் இப்படி இலை விரிக்கும் ஹாபனேரியாக்களில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று ஹாபனேரியா ராக்ஸ்பர்கி. கோரமண்டல் கரைச் செடிகளைச் சித்திரங்களோடு 1795 முதல் வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரைத் தாங்கியது. இன்னொன்று ஹாபனேரியா பிளாண்டாஜினியா. இரண்டுக்கும் பூ வெள்ளை. பிரித்துச் சொல்ல வேண்டியது உதட்டிதழ், அதாவது பூவில் மற்ற இதழ்களிலிருந்து மாறுபட்டு, பூச்சி வந்து இறங்குவதற்குத் தோதாகக் கீழே நீண்டிருக்கும் இதழ். இரண்டிலும் அது மூன்றாகப் பிரிந்திருக்கும். பிளாண்டாஜினியாவில் பக்கத்து மடல்கள் இரண்டும் அகலமாக விரிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும்; நடுமடல் மட்டும் ஒல்லி. ராக்ஸ்பர்கியில் மூன்றுமே ஒல்லி. ஜே. எஸ். கேம்பிள் தொடங்கி சி. இ. சி. ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூலானாலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ 1980களின் தொடக்கத்தில் முடித்த தமிழ்நாட்டுத் தாவரநூலானாலும், ஆர்க்கிட் பக்கத்தைத் திறந்தால் பூவைக் காட்டு என்றுதான் கேட்கும். என்னிடம் இருந்ததோ இரண்டு இலை.

எங்கள் கூட்டம் வைத்திருந்த செடிப் பட்டியலில் ராக்ஸ்பர்கி முன்பே இருந்தது, வேறொருவர் சேர்த்தது. பிளாண்டாஜினியா இல்லை. ராக்ஸ்பர்கி என்றால் நான் இன்னொரு தடவை பார்த்தவன் ஆவேன். பிளாண்டாஜினியா என்றால் பட்டியலில் என் பெயர் ஏறும். முடிவு இந்தக் கணக்கில்தான் நடந்தது. தாவரவியலுக்கு அதில் பங்கே இல்லை.

பெயர் ஏறும் ஆசை எனக்குப் பழையது. ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்த இந்திய ஓவியர்களில் கோவிந்து என்று ஒருவர். அவருடைய பெயரால் கோவிந்தூயா என்று ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்துக்கே 1853இல் வைட் பெயர் வைத்தார். பிற்பாடு அதை ட்ரோபிடியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இந்தக் கதையை நான் சொல்லாத கூட்டம் இல்லை. சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவது போலக் குரலை இறக்குவேன். உள்ளே ஓடியது பொறாமை. கோவிந்து போன்றவர்கள் பூவைப் பிரித்து, உறுப்புகளைத் தனித்தனியாகப் பெரிதாக்கி, கண்டதைக் கண்டபடி தாளில் இறக்கியவர்கள். நான் பூவையே பார்க்காமல் பெயரை அச்சுக்குக் கொடுத்தவன். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கவென்று எங்கள் கூட்டம் போட்ட துண்டுநூலில் ஹாபனேரியா பிளாண்டாஜினியா என்று வந்தது, என் படத்தோடும், கடைசி நிமிஷத்தில் காப்பாற்றிய கதையோடும்.

சந்தேகப்பட்டது அந்த மாணவி ஒருத்திதான். எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். "இலை ரொம்ப ரவுண்டா இருக்கே சார், பிளாண்டாஜினியாவுக்கு இன்னும் நீளவாக்குல வராதா? பூ வந்தா ஒரு தடவை பார்த்துரலாம்" என்றாள். குரலில் துளி அகம்பாவம் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "இத்தன வருஷமாப் பாக்குறேம்மா" என்றேன். இத்தனை வருஷமாக நான் பார்த்தது பில்.

செடி அடுத்த வருஷம் பூத்தது. அதில் என் பெருமை ஒன்றும் இல்லை. 2024 கோடையில் நானும் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டோம். மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன், இலை காய்ந்து மறைந்திருந்த அந்தத் தொட்டியைக் காலித் தொட்டி என்று விட்டுவிட்டான். ஹாபனேரியாவுக்கு அதுதான் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கு சுருங்க, பக்கத்தில் புதுக்கிழங்கு தடிக்கும். இலை போனபின் அந்தப் புதுக்கிழங்கு காய்ந்த மண்ணில் உறங்க வேண்டும், அடுத்த மழை வந்து எழுப்பும்வரை. பையனுடைய அலட்சியம் கரட்டின் வெயிலைப் போலவே நடந்துகொண்டது. கொண்டுவந்த மண்கட்டியை உடைக்காமல் வைத்திருந்ததும் உதவியிருக்கும். சோம்பேறித்தனத்தால் உடைக்காமல் விட்டது அது.

புரட்டாசி மழைக்கு இலை வந்தது. நடுவிலிருந்து தண்டு எழுந்தது. ஒரு மாலையில் அடி மொட்டுகள் விரிந்தன. எத்தனையோ பூக்களை ரசித்ததாக எழுதியும் பேசியும் இருக்கிறேன், அன்று ரசித்தது நிஜம். நெருக்கமாக அடுக்கின வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தொங்கும் தேன்குழல். வெள்ளை நிறமும் நீண்ட குழலும் பொதுவாக அந்துப்பூச்சிகளுக்கான ஏற்பாடு; வரும் பூச்சியின் மேல் மகரந்தத்தைத் தூளாகக் கொட்டாமல் பொட்டலமாக ஒட்டவைத்து அனுப்பும் பூ இது. எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு கைலென்ஸை எடுத்தேன்.

மூன்று மடல்களும் ஒல்லி. அகலம் இல்லை, பல் இல்லை. அடுத்த பூவைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். எல்லாம் ராக்ஸ்பர்கி. அவள் சொன்ன வட்ட இலை சரி. மறுநாள் காலை அவள் வருவதாக இருந்தது, மொட்டு விட்டபோது பெருமை தாங்காமல் நானேதான் அழைத்திருந்தேன்.

அந்த இரவில் நான் என்னென்ன யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். காய்ச்சல் என்று வரச் சொல்லாமல் விடலாம். ஆனால் பூ வாரக்கணக்கில் இருக்கும், காய்ச்சல் இருக்காது. பக்க மடலை விரலால் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், அகலமாகத் தெரியுமா என்று. வெட்கமாக இருந்தது, ஆனாலும் இழுத்தேன். 'நான் சொன்னது தப்பும்மா, நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துபோகும் என்ற யோசனையும் வந்தது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரப்போகும் சந்தோஷத்தை நினைத்ததும் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன். என் பேத்தி வயதுப் பெண்ணின் சந்தோஷம் அது.

வெட்டியதைத் தூக்கி எறிய மட்டும் மனம் வரவில்லை. பழைய கணக்குப் பேரேட்டின் பக்கங்களுக்கு நடுவே வைத்து மூடிவிட்டேன்.

2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம்வரை ஊர்வலமாக வந்தார்கள். அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்ற போராட்டம். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர் அரிட்டாபட்டி. அதையும் சேர்த்துத்தான் சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருந்தார்கள். கிழவிகள் வெறுங்காலோடு நடந்து வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், கோஷத்தில் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம், அந்த மலைப்பக்கத்து ஆர்க்கிட் ஒன்றைக் காப்பாற்றி வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்தவர்கள் ஜெயித்தார்கள். நான் கும்பிடு வாங்கினேன்.

அந்தக் கோடையில் நாங்கள் ஊரிலேயே இருந்தோம். செடிக்கு அதுதான் வினை. குற்றம் செய்தவன் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பான். இலை மறைந்த தொட்டியைத் தினமும் போய்ப் பார்ப்பேன், கை சும்மா இருக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் எதிர்சேவை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். ஒவ்வொருவரையும் மாடிக்குக் கூட்டிப்போய், உள்ளே தூங்குகிறது என்று சொல்லி, சொல்லும்போதே ஒரு குவளை போர்த் தண்ணீரை ஊற்றுவேன். தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஆகாது என்பது தெரியாதா என்றால், தெரியும். ஊற்றுவது பார்ப்பவர்களுக்கு நன்றாக இருந்தது. மழை தொடங்கி நாளாகியும் இலை வரவில்லையே என்று கிளறியபோது, விரலில் ஒட்டியது நாற்றமடித்த கூழ்.

அவளுக்கு எழுதலாமா, போனில் சொல்லலாமா என்று இழுத்தடித்து, கடைசியில் வீட்டுக்கே வரச் சொல்லி நேரில் சொன்னேன். வெட்டியது, அணில் பொய், குவாரிப் பொய், கூழ், எல்லாம். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது, "அந்தப் பூ இருக்கா சார்?" பேரேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். பழுப்பேறியிருந்தது. இரண்டு பூக்களை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ராக்ஸ்பர்கிதான்" என்றாள். அவள் முகத்தில் நான் பயந்த சந்தோஷம் இல்லை. துண்டுநூலில் திருத்தம் போடச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்துவிட்டேன், இரண்டாம் பதிப்பு வரும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

பிறகு நோட்டை எடுத்தாள். உலர்தாவரத் தாளில் ஒட்டினால் விவரச்சீட்டு வேண்டும், இடமும் தேதியும் இல்லாத செடியால் யாருக்கும் பயனில்லை. எந்தக் கரடு, எந்தச் சரிவு, எந்தப் புதருக்கு அடியில், எந்த நாள் என்று கேட்கக் கேட்கச் சொன்னேன். பூத்தது காட்டில் இல்லை, தல்லாகுளத்து மாடித் தொட்டியில் என்பதையும் தனியாகக் குறித்துக்கொண்டாள். "அங்க வேற எத்தன செடி இருந்துச்சு?" என்றாள்.

அதை மட்டும் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாலைந்து இருந்தன என்றேன். மற்றதெல்லாம் விரல்நகம் அளவு இலை விட்ட குஞ்சுகள். பூக்கும் பருவத்தில் இருந்தது அது ஒன்றுதான். அது தெரிந்துதான் அதை எடுத்தேன்.